வளைவில் சொறிய முடியாது

அரிப்புக்கு நேரம் காலம் தெரியாது என்பார்கள். என் அரிப்புக்கு நன்றாகத் தெரியும். ஜமுனாமரத்தூர் நிறுத்தத்தில் அரை மணி நேரம் டீக்கடை பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பேன், அப்போது வராது. வண்டியை எடுத்து, போளூர் பக்கம் இறங்கும் சாலையில் முதல் கொண்டை ஊசி வளைவுக்கு ஸ்டீயரிங்கை ஒடிக்க ஆரம்பித்தேனோ இல்லையோ, இடது முழங்கைக்குக் கீழே எறும்பு ஊர்வதுபோலத் தொடங்கிவிடும். இரண்டு கையும் ஸ்டீயரிங்கில். பின்னால் அறுபது பேர், அவர்களுடைய பலாப்பழங்கள், இரண்டு ஆட்டுக்குட்டிகள். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை. இதில் எங்கே போய்ச் சொறிவது?

பல்லைக் கடித்துக்கொண்டு வளைவை முடிப்பேன். நேர்ச்சாலை வந்ததும் கியர் மாற்றுகிற சாக்கில் கையைத் தொடையில் தேய்ப்பேன். காக்கித் துணி சொரசொரப்பானது. அந்த ஒன்றுக்காகவே அந்தச் சீருடையை வாழ்த்தியிருக்கிறேன். தேய்த்த சுகம் அடங்குவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். பத்து வருடமாக என்னோடு இதே தடத்தில் வருகிற கண்டக்டர் ஒருநாள் முன்னால் வந்து காதோரம் கேட்டார்.

“இன்னா டிரைவரே, வண்டி ஆடுதா, நீ ஆட்றியா?”

“ரோடு ஆடுது. நீ போய் டிக்கட்டப் பாரு,” என்றேன்.

ஆடிக்கொண்டிருந்தது நான்தான். அது ஒரு ரத்த தான முகாமில் ஆரம்பித்த ஆட்டம். டிப்போவில் முகாம் போட்டார்கள். முதல் ஆளாகப் படுத்துக் கொடுத்துவிட்டு, பிஸ்கட்டும் பழச்சாறும் வாங்கிக்கொண்டு, பெரிய தர்மப்பிரபு மாதிரி வீட்டுக்கு நடந்து வந்தேன். பத்து நாள் கழித்துப் போன் வந்தது. உங்கள் ரத்தம் வேண்டாம், நீங்கள் மட்டும் வாருங்கள் என்றார்கள். கல்லீரலில் கிருமி. ஹெபடைடிஸ் சி என்று பெயர். எப்படி வந்திருக்கும் என்று டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். பச்சை குத்தியிருக்கிறீர்களா? பதினெட்டு வயதில், திருவிழாவில். ரத்தம் ஏற்றியிருக்கிறார்களா? ஒரு விபத்தில். கண்ட இடத்தில் சவரம் செய்துகொள்வீர்களா? டிரைவரிடம் கேட்கிற கேள்வியா அது. எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்லிவிட்டு, பரீட்சையில் தேறிவிட்டவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

பன்னிரண்டு வாரம் மாத்திரை. ஒரு வேளைகூடத் தவறவில்லை. கடைசி மாதத்தில் தோலில் தடிப்புத் தடிப்பாகச் சிவந்து கிளம்பியது. இரண்டு முன்னங்கை, மார்பு, முழங்காலுக்குக் கீழே. “மாத்திரையால வர்றதுங்க. முடிச்சதும் கொஞ்ச நாள்ல அடங்கிடும்,” என்றார் டாக்டரம்மா. “முடிச்சி பன்னெண்டு வாரம் கழிச்சி ஒரு ரத்தப் பரிசோதன கீது. அதுல கிருமி இல்லன்னு வந்தா தான் போய்டுச்சின்னு அர்த்தம். மறக்காம வாங்க.”

கடைசி மாத்திரையை விழுங்கிய அன்று மனைவி கேசரி கிளறினாள். மாத்திரை நின்றது. அரிப்பு நிற்கவில்லை. ஒரு வாரம் பார்த்தேன், ஒரு மாதம் பார்த்தேன். டாக்டரம்மா சொன்ன இரண்டு விஷயத்தையும் என் மூளை ஒன்றாகப் போட்டுக் கலக்கிக்கொண்டது. அரிப்பு போகவில்லை என்றால் கிருமி போகவில்லை. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானே முடிவு செய்துகொண்டேன், நானே நம்பினேன்.

நோய் விஷயம் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களிடம் சாமைச் சுணை என்று சொல்லிவைத்தேன். மலையில் சாமை அடிக்கிற காலத்தில் களத்துப் பக்கம் போனாலே அந்தத் தூசி ஒட்டி உடம்பெல்லாம் அரிக்கும், அதனால் எல்லோரும் நம்பினார்கள். நம்பியதோடு விட்டிருக்கலாம். வைத்தியம் சொல்ல ஆரம்பித்தார்கள். என் தடத்தில் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு மருந்து உண்டு. ஆலங்காயத்தில் ஏறுகிற வாத்தியார் குப்பைமேனியை உப்போடு அரைத்துப் பூசச் சொன்னார். காவலூரில் ஏறுகிற அம்மா புங்க எண்ணெய் பாட்டிலையே கொண்டுவந்து என் சீட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போனார். கத்தரிக்காய் தின்னாதே, கருவாட்டைத் தொடாதே, கம்பங்கூழ் கரப்பான் புண்ணைக் கிளப்பும். அவர்கள் சொன்னதையெல்லாம் விட்டால் சோறும் தண்ணீரும்தான் மிச்சம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்று முனகிக்கொண்டே எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். புங்க எண்ணெய் பூசிய வாரம் கண்டக்டர் என் பக்கமே வரவில்லை.

வாணியம்பாடி பாய் ஒருவர் மட்டும் வேறு மாதிரி பேசினார். வாரம் ஒருமுறை புளி வாங்க மலைக்கு வருகிறவர், எப்போதும் எனக்கு இடப்பக்கத்துத் தனி சீட்டில் உட்கார்வார். என் கையையே பார்த்துக்கொண்டு வந்தவர், ஜமுனாமரத்தூரில் இறங்கும்போது கேட்டார்.

“டிரைவரே, கைய எதுல கழுவ்றீங்க?”

“ஏன் பாய்?”

“எங்க மச்சான் தோல் பதனிட்ற ஷாப்புல வேல செய்றவங்க கை இப்டி தான் இருக்கும். சுண்ணாம்புத் தொட்டில கை வெச்சி வெச்சி. இது சுணை மாரி தெரியல. நீங்க இன்னாவோ போட்டுக் கழுவ்றீங்க.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “புளி வாங்க வந்தா புளியப் பாருங்க பாய்,” என்றேன். அவர் சிரித்துவிட்டு இறங்கிப் போனார். நல்ல மனிதர். அதற்கப்புறமும் அதே சீட்டில்தான் உட்கார்ந்தார், ஆனால் என் கையைப் பார்க்கவில்லை.

அவர் சொன்னது உண்மை. அதனால்தான் கோபம். டிப்போவில் என்ஜினில் கை வைத்துவிட்டு வந்தால் கிரீஸ் போக நாங்கள் எல்லோரும் முதலில் டீசலில் கை கழுவுவோம், அப்புறம் துணி துவைக்கிற பவுடர் போட்டுத் தேய்ப்போம். கிரீஸையே அரிக்கிற டீசல் கிருமியை விட்டுவிடுமா என்று ஒரு ஞானம் எனக்கு வந்திருந்தது. காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை, முழங்கைக்கு மேல்வரை டீசல், பிறகு பவுடர். வீட்டுக்கு வந்து வேப்பிலை போட்டுக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர்க் குளியல். குளித்துவிட்டு வந்து பத்து நிமிடம் அரிப்பு இருக்காது. அந்தப் பத்து நிமிடத்துக்காகத் தோலை உரித்துக் கொடுத்திருப்பேன். அதைத்தான் கொடுத்துக்கொண்டும் இருந்தேன்.

தனித் தட்டு, தனி டம்ளர், தனித் துண்டு. தொட்டால் ஒட்டாது, சேர்ந்து சாப்பிட்டால் ஒட்டாது, ரத்தத்தில் ரத்தம் கலந்தால்தான் வரும் என்று டாக்டரம்மா முதல் நாளே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நானோ சொறிந்து சொறிந்து எங்கேயாவது ஓரிடத்தில் ரத்தக் கீறலோடு இருப்பவன். உதட்டில் வெடிப்பு இருந்தால்? அது டம்ளரில் பட்டால்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எனக்குச் சொம்பும் டம்ளரும்கூடப் பேயாகத் தெரிந்தன.

இதில் மாட்டிக்கொண்டவள் என் தங்கை.

அவளுக்கும் எனக்கும் பதினொரு வயது வித்தியாசம். அப்பா அம்மா இரண்டு பேரும் இல்லை. அவளுக்குத் தாய்வீடு என்றால் நான்தான். போளூர் பக்கம் மலை இறங்கியதும் மூன்றாவது நிறுத்தம் அவள் புகுந்த ஊர். வீடு ரோட்டை ஒட்டியே இருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து, நான் டியூட்டியில் இருக்கிற நாளெல்லாம், என் வண்டி வருகிற நேரத்துக்குச் சொம்பில் தண்ணீரோ மோரோ எடுத்துக்கொண்டு வந்து ரோட்டோரம் நிற்பாள். டிரைவர் ஜன்னலுக்குக் கீழே வந்து கையை உயர்த்தி நீட்டுவாள். நான் குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுப்பேன். அதிகம் பேச மாட்டோம். “வர்றேன்,” என்பேன். “போய்ட்டு வாண்ணா,” என்பாள். பயணிகளுக்கு அது நிறுத்தத்தில் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. அவள் வராத நாளில் யாராவது ஒருவர், “தங்கச்சிய காணோமே,” என்பார்கள்.

எட்டு வருடம் கோயில் கோயிலாகச் சுற்றி அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு நான்கு மாதம் இருக்கும்போதுதான் எனக்கு அந்தப் போன் வந்தது.

மறுநாள் அவள் சொம்பை நீட்டினாள். “இப்ப தான் குடிச்சேன் பாப்பா,” என்றேன். அதற்கு மறுநாள் வயிறு சரியில்லை என்றேன். அப்புறம் கையில் வாட்டர் பாட்டிலை எடுத்துக்காட்டினேன். ஒரு வாரம் தினம் ஒரு பொய். வேறு ஊரில் இது எப்படியோ தெரியாது. எங்கள் பக்கத்தில் கூடப்பிறந்தவள் வீட்டில் தண்ணீர் குடிக்காமல் போகிறான் என்றால் அவன் உறவை அறுத்துக்கொண்டான் என்று பொருள். சண்டை போட்ட பங்காளிகள்தான் அப்படிப் போவார்கள். அது எனக்குத் தெரியாதா? தெரியும். என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. கிருமி இருக்கிறது என்று சொன்னால் அவள் அழுவாள், மாமியார் வீடு முழுக்கத் தெரியும், அப்புறம் அவள் கையால் ஒரு வாய் சோறு வாங்க அவர்களே யோசிப்பார்கள் என்று பயந்தேன். சொல்லாமல் அவளை அழவைத்தேன்.

ஒருநாள் அறுபது பேர் பார்க்க, நீட்டிய சொம்போடு அவள் நின்றாள். நான் ரோட்டையே பார்த்துக்கொண்டு, “வேணாம் பாப்பா, நேரமாச்சி,” என்றேன். அவள் சொம்புத் தண்ணீரை அப்படியே புளியமரத்தடியில் ஊற்றிவிட்டுத் திரும்பி நடந்தாள். அதற்குப் பிறகு ரோட்டுக்கு வரவில்லை. நான் அந்த நிறுத்தத்தில் வண்டியை நிறுத்துவேன், ஆள் இறங்குவார்கள், ஏறுவார்கள், அந்த வீட்டு வாசலில் குழந்தையின் துணிகள் காய்ந்துகொண்டிருக்கும். மாத்திரை முடிந்தும் அப்படியே ஓடியது.

குழந்தைக்குப் பத்து மாதம் முடியும் சமயத்தில் தங்கை வீட்டுக்காரர் தட்டில் வெற்றிலை பாக்கோடு என் வீட்டுக்கு வந்தார். பதினோராவது மாதத்தில் குலதெய்வக் கோயிலில் மொட்டை, காதுகுத்து. நாள் பார்த்தாகிவிட்டது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும், நான் ஒருவன்தான் தாய்மாமன், மாற்று ஆள் கிடையாது.

காதுகுத்து என்றால் ஊசி. ஊசி என்றால் ரத்தம். மொட்டை என்றால் கத்தி. என் கையில் சொறிந்த புண். மனக்கண்ணில் எல்லாம் வரிசையாக ஓடியது. “அன்னிக்கி லீவு கெடைக்குமான்னு தெர்ல மாப்ள,” என்றேன்.

அவர் தட்டை இன்னும் கையிலேயே வைத்திருந்தார். “உங்களக் கேக்காம நாள் பாத்தது தப்பு தான். அம்மா அவசரப்பட்டுட்டாங்க. அதுக்காகக் கொழந்த மேல காட்டாதீங்க மாமா,” என்றார். நாள் குறிப்பதற்கு முன் தாய்மாமனைக் கேட்கவில்லை என்று நான் முறுக்கிக்கொண்டிருப்பதாக அவர் நினைத்துவிட்டார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தால், அப்படியானால் எதற்கு என்று கேட்பாரே. முழங்கையைச் சொறிந்துகொண்டு நின்றேன். தட்டைத் திண்ணை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் தங்கை போன் செய்தாள். அழவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

“நா இன்னா தப்பு செஞ்சேன்னு சொல்லு. கால்ல வுழறேன்.”

“தப்பு எதுவும் இல்ல பாப்பா.”

“அப்ப ஏன் என் வூட்டு தண்ணி கசக்குது?”

போனை வைத்துவிட்டாள். நான் எழுந்து நடந்தேன். கூடத்திலிருந்து கொல்லைக்கு, கொல்லையிலிருந்து கூடத்துக்கு. அரிப்பு வந்துவிட்டால் என்னால் உட்கார முடியாது. அன்று அரிப்பும் அவள் கேள்வியும் சேர்ந்து வந்தன. என் மனைவி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பரிசோதனைக்குப் போகவேண்டிய நாள் தாண்டி இரண்டு வாரம் ஆகியிருந்தது. அவள் தினம் ஞாபகப்படுத்துவாள், நான் தினம் நாளைக்கு என்பேன்.

“ஏங்க,” என்றாள். “ஆஸ்பத்திரி வாசல்ல தெனம் ரெண்டு தபா பஸ் ஓட்டினு போற. ஊர்ல கீற நோயாளிய எல்லாம் அங்க எறக்கி வுட்ற. உன்ன எறக்கி வுட ஒரு டிரைவர் இல்லியா?”

சாதாரணமாக என்னை ‘ங்க’ போட்டுப் பேசுகிறவள். ‘ஏங்க’ என்று ஆரம்பித்து ‘போற’ என்று வந்ததும் எனக்கு நிலைமை புரிந்தது. அவள் சொன்னது சுத்தமான உண்மையும்கூட. திருப்பத்தூரில் என் வண்டி அந்த ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் நின்றுதான் போகும். “ஆஸ்பத்திரி எறங்கு” என்று கண்டக்டர் கூவும்போதெல்லாம் நான் எதிர்ப்பக்கத்து சைக்கிள் கடையைப் பார்ப்பேன்.

மறுநாள் லீவு போட்டேன். ரத்தம் எடுத்தார்கள். முடிவுக்கு ஐந்து நாள் ஆகும் என்றார்கள். அந்த ஐந்து நாளும் நான் ஓட்டிய வண்டியில் போனவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அமிர்தி பக்கத்திலிருந்து வந்த ஒரு லாரிக்காரனைக் காரணமில்லாமல் திட்டினேன். டீ ஆறிவிட்டது என்று டீக்கடைக்காரரிடம் சண்டை. ஆறவைத்தது நான்தான், கையில் பிடித்துக்கொண்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டக்டர் இறக்கத்தில் மட்டும் படிக்கட்டை விட்டு முன்னால் வந்து என் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

ஆறாம் நாள் டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார். “கிருமி இல்லீங்க. சுத்தமா போய்டுச்சி,” என்றார்.

“அப்ப இது?” என்று கையை நீட்டினேன்.

அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முழங்கை வரை எழுபது வயதுக் கிழவனின் தோல். வெடிப்பு, செதில், கருத்த தடிப்பு. “இத எதுல கழுவ்றீங்க?” என்றார். பாய் கேட்ட அதே கேள்வி. இந்த முறை கோபப்பட வக்கில்லை. டீசல், பவுடர், வேப்பிலை வெந்நீர், புங்க எண்ணெய், உப்புப் போட்ட குப்பைமேனி, எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“கிருமி உங்கள வுட்டுப் போய் மாசக்கணக்காவுது. நீங்க தான் தோல வுட மாட்றீங்க. மாத்திரையால வந்த தடிப்பு எப்பவோ அடங்கியிருக்கணும். அடங்க வுட்டாத் தானே? இனிமே டீசல் கிட்ட போவக் கூடாது. வெதுவெதுன்னு தண்ணி, கொஞ்ச நேரம் தான். துடைச்ச ஈரம் காயறதுக்குள்ள தேங்காண்ணெ இல்லன்னா இந்த கிரீம். நகத்த ஒட்ட வெட்டுங்க. அரிச்சா ஈரத் துணி போடுங்க, சொறியாதீங்க.”

“எப்ப நிக்கும்?”

“ஒடனே நிக்காதுங்க. மாசங்கூட ஆவலாம். கொறையும், திரும்ப வரும், திரும்பக் கொறையும். அரிக்குதேன்னு கிருமி வந்துட்டதா நெனைக்காதீங்க.”

“கொழந்தைய மடியில வெச்சிக்கலாமா?”

“தாராளமா.”

“காது குத்தும்போது?”

“உங்களால ஒண்ணும் ஆவாது. குத்தறவரு புது ஊசியில குத்தணும், சவரத்துக்குப் புது பிளேடு போடணும். அது உங்களுக்காக இல்ல, எல்லாக் கொழந்தைக்கும் அப்டி தான்.”

அந்தக் கேள்வியையே இன்னும் இரண்டு முறை வேறு வேறு வார்த்தையில் கேட்டேன். மூன்றாம் முறை அவர் காகிதத்தை மடித்து என் சட்டைப் பையில் தானே வைத்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வெளியே வந்து ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் நின்று என் தடத்து வண்டிக்காகவே காத்திருந்தேன். சந்தோஷமாக இருந்தது. கை அரித்தது. இரண்டும் ஒரே சமயத்தில் இருக்கமுடியும் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது.

காதுகுத்து அன்று முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, டாக்டரம்மா கொடுத்த காகிதத்தையும் பையில் வைத்துக்கொண்டு போனேன். தங்கை என்னைப் பார்த்து, “வாண்ணா,” என்றாள், அவ்வளவுதான். கோயில் பந்தலுக்குள் தாளில் சுற்றிய புது பிளேடையும் பிரிக்காத ஊசியையும் நான் நாவிதரிடமும் காது குத்துகிற ஆசாரியிடமும் கொடுத்தபோது, டிரைவர் சுத்தக்காரர் என்று சிரித்தார்கள். ஆசாரி கலசப்பாக்கத்திலிருந்து வந்தவர். ஊசியை விரலில் உருட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

மொட்டை அடித்துச் சந்தனம் பூசினார்கள். மடியில் உட்காரவைக்கும் நேரம் வந்தது. குழந்தையைப் பிடிக்கச் சட்டைக் கையை மடித்தேன். தங்கையின் மாமியார் பக்கத்தில் நின்றவர், “கையில இன்னாப்பா அது?” என்றார் சத்தமாக. பந்தலில் எல்லோரும் பார்த்தார்கள்.

சாமைச் சுணை என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. பத்திரமான பொய், மாதக்கணக்காகப் பழகியது. ஆனால் தங்கை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் இன்னொரு பொய் சொல்ல முடியவில்லை.

“கல்லீரல்ல கிருமி இருந்திச்சிமா,” என்றேன். “மூணு மாசம் மருந்து சாப்ட்டேன். இப்ப இல்ல. போன வாரம் தான் பாத்தாங்க. அந்த மருந்தால வந்த அரிப்பு மட்டும் இன்னும் நிக்கல.”

மாமியார் ஓரடி பின்னால் நகர்ந்தார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். நானே என்னிடமிருந்து அத்தனை மாதம் நகர்ந்து நின்றவன். “கொழந்தைக்கு ஒட்டிக்கினா இன்னா செய்றது? சித்தப்பன் கீறான், அவன் உக்காரட்டும்,” என்றார்.

தங்கை அதைக் காதில் வாங்கவில்லை. என் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த காகிதத்தை அவளே எடுத்துப் பிரித்தாள். பன்னிரண்டாவது படித்தவள். உதடு அசைய ஒவ்வொரு வரியாகப் படித்தாள். படித்து முடித்துவிட்டு, “எப்பத்துல இருந்து?” என்றாள்.

“இவளுக்கு நாலு மாசம் இருக்கும்போது.”

அவள் கண் எங்கேயோ போய்த் திரும்பி வந்தது. மனசுக்குள் அவள் அந்த நிறுத்தத்துக்குப் போய்வந்தாள் என்று எனக்குத் தெரிந்தது.

“அதுக்குத் தான் தண்ணி வேணான்னியா?”

நான் தலையை ஆட்டினேன். “உக்காருண்ணா,” என்றாள். நான் பலகையில் உட்கார்ந்ததும் குழந்தையை என் மடியில் வைத்து, என் இரண்டு கையையும் பிடித்து, தடிப்பும் செதிலுமான அந்தக் கையைப் பிடித்து, குழந்தையின் தலைக்கு இரண்டு பக்கமும் வைத்தாள். “கெட்டியா புடிச்சிக்க. ஆடக் கூடாது.”

பதினோரு மாதக் குழந்தை என்னைத் தெரியாதவனைப் பார்ப்பதுபோல அண்ணாந்து பார்த்தது. தெரியாதவன்தானே. ஆசாரி குனிந்தார். சரியாக அந்த நொடியில் இடது முழங்கைக்குக் கீழே எறும்பு ஊர்ந்தது. இரண்டு கையும் சந்தனம் பூசிய அந்தச் சின்னத் தலையில். கையை எடுத்தால் ஊசி எங்கே போகும் என்று சொல்ல முடியாது. இதில் எனக்கு நல்ல பழக்கம் இருந்தது. பல்லைக் கடித்தேன். குழந்தை வீறிட்டது. வீறிட்டுக்கொண்டே கிடைத்ததைப் பற்றியது. கிடைத்தது என் இடது கை. வெட்டாத நகம் ஐந்தும் அரிக்கிற இடத்திலேயே பதிந்து, மேலிருந்து கீழே ஒரு கீறு கீறியது. டாக்டரம்மா சொறியக்கூடாது என்றுதான் சொன்னார். என் மருமகள் சொறிந்தால் நான் என்ன செய்ய முடியும்? பந்தலில் எல்லோரும் குழந்தைக்காக உச்சுக் கொட்டிக்கொண்டிருந்தபோது எனக்குக் கண்ணீர் வந்தது. பாவம், மாமனுக்குத் தாங்கவில்லை என்றார்கள்.

கோயிலிலிருந்து அவர்கள் வீட்டுக்குத் திரும்பி, பந்தியில் சாப்பிட்டேன். தங்கை பரிமாற வரவில்லை, அழுகிற குழந்தையோடு உள்ளே இருந்தாள். சொல்லிக்கொண்டு கிளம்பும்போது வாசல்வரை வந்தாள், நாலு பேர் கூட இருந்தார்கள். கோபம் தீர்ந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. கிருமியை மறைத்ததற்குப் புதிதாக ஒரு கோபம் சேர்ந்திருக்கவும் நியாயம் உண்டு.

மறுநாள் டியூட்டி. டிப்போவில் டீசல் டப்பா பக்கம் போகாமல் சோப்பில் கை கழுவி, ஈரத்தோடு தேங்காய் எண்ணெய் தடவினேன். ஸ்டீயரிங் வழுக்கியதால் ஒரு துணியில் துடைத்துக்கொண்டேன். மலை ஏறினேன், ஜமுனாமரத்தூரில் டீ குடித்தேன், போளூர் பக்கம் இறங்கினேன். ஒவ்வொரு வளைவிலும் அரித்தது. எனக்கு அரிப்பின் மேல் கவனம் இல்லை. முதல் நிறுத்தம், இரண்டாவது நிறுத்தம். மூன்றாவதில் புளியமரத்தடி காலியாகக் கிடந்தது.

நிறுத்தினேன். நாலு பேர் இறங்கினார்கள், இரண்டு பேர் ஏறினார்கள். கண்டக்டர் விசில் ஊதவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், அவர் அந்த வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். “ரைட்டு குடுய்யா,” என்றேன். “இருய்யா,” என்றார்.

அவள் ஓடி வந்தாள். ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் சொம்பு. காதில் புதுக் கம்மலோடு குழந்தை குலுங்கிக்கொண்டு வந்தது, சொம்புத் தண்ணீர் பாதி வழியெல்லாம் சிந்தியது. ஜன்னலுக்குக் கீழே நின்று கையை உயர்த்தி நீட்டினாள். நான் வாங்கி, இந்தச் சில மாதப் பழக்கதோஷத்தில், அண்ணாந்து தூக்கி ஊற்றப் போனேன்.

“வாய வெச்சிக் குடி,” என்றாள்.

வாய் வைத்துக் குடித்தேன். முழுசும் குடிக்கவில்லை. கொஞ்சம் மிச்சம் வைத்து, கீழே கொட்டட்டும் என்று நீட்டினேன். அவள் கொட்டவில்லை. அறுபது பேர் பார்க்க, நான் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்து, மிச்சத் தண்ணீரைக் குடித்து முடித்தாள்.

“போய்ட்டு வாண்ணா,” என்றாள்.